சட்டிக்குள் ராணி

லண்டனுக்கு ஆற்றின் அக்கரையில், லாம்பெத் சட்டிக்கூடத்தில் ராணிக்கு ஒரே முகம்தான். போர்ச்சுகல்லிலிருந்து ராஜாவைக் கட்டிக்கொள்ள அவள் கப்பலேறி வந்த வருஷம், அவள் முகம் போட்ட தட்டு வேண்டுமென்று லண்டனே வந்து வாசலில் நின்றது. முகத்தைப் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. அச்சடித்து விற்ற படங்களிலோ ஒன்றில் மூக்கு நீளம், இன்னொன்றில் மூக்கே காணோம். பழைய முதலாளி யோசித்தார். தூரிகை பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் லட்சணமானவள் ஹெஸ்டர். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, காய்ந்த பட்டாணியை நூலில் கோத்துக் கழுத்தில் முத்துமாலையாகப் போட்டு, அவள் முகத்தைத் தாளில் வரைந்தார். வரைந்த கோடுகள் நெடுக ஊசியால் துளை போட்டார்கள். அந்தத் தாளைத் தட்டின்மேல் வைத்துக் கரிப்பொடி மூட்டையால் ஒற்றினால் முகம் புள்ளிப் புள்ளியாக இறங்கிவிடும். அதன்மேல் நீலத்தை இழுக்கவேண்டியதுதான். தாள் கிழியக் கிழிய அதையே மாதிரியாக வைத்துப் புதுத்தாள் குத்திக்கொண்டார்கள். முகம் மாறவில்லை.

அப்படித்தான் ஹெஸ்டர் ராணியானாள். மதுக்கடைகளில் கணப்புக்கு மேலே அவள் தொங்கினாள். சூளையில் கோணியதும் கீறல் விழுந்ததும் வேலைக்காரர்களுக்கு என்பது கூடத்து வழக்கம். சக்கரத்தில் சட்டி வனையும் கில்பர்ட் அப்படி விளிம்பு கோணிய தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளைக் கட்டவே வந்தான். "ராஜா படுக்கிற ராணிகிட்டத்தான் நானும் படுக்கிறேன்" என்று கடைக்குக் கடை சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்தான், பாவம். சின்ன வயசு.

இப்போது அவளுக்கு நரை எட்டிப் பார்க்கிறது. பழைய முதலாளி போய், மகன் டிரான்டர் முதலாளி. ஊர்க்காற்றும் மாறிவிட்டது. கத்தோலிக்க ராணி போப்பின் ஆட்களோடு சேர்ந்து ராஜாவுக்கு விஷம் வைக்கப் பார்த்தாள் என்று தெருவெல்லாம் பேச்சு. போப்புக்காரன் என்று ஒருவனை நோக்கி விரல் நீண்டால் போதும், மறுநாள் அவன் சிறையில் இருப்பான்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் போப் எதிர்ப்புக் கட்சியின் அடையாளமாகத் தொப்பியில் பச்சை ரிப்பன் குத்திய சீமான் ஒருவர் ஆற்றைக் கடந்து வந்தார். போப் பொம்மையைக் கொளுத்தும் ஊர்வலம் வரப்போகிறது, முடிந்ததும் மதுக்கடை மாடியில் விருந்து. அந்த விருந்துக்கு அவர் என்ன கேட்டார் தெரியுமா? சொல்லவே கூசுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா. மூத்திரச் சட்டி கேட்டார். உள்ளே, அடியில், ராணியின் முகம் இருக்கவேண்டுமாம்.

"பேரெல்லாம் எழுதவேண்டாம்" என்றார் டிரான்டர், அவர் போனபிறகு. "முகம் மட்டும் போதும். கோப்பைக்குன்னு வச்சிருக்கோமே சின்னத் தாள், அது அளவாத்தான் இருக்கும்."

ஹெஸ்டர் தூரிகையைக் கீழே வைத்தாள். "ஐயா, அது நான்தானே?"

"யாரு?"

"அந்த முகம். உங்க அப்பாதான் என்னை உட்காரவச்சு வரைஞ்சாரு."

டிரான்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் காலத்துல இருந்திருக்கலாம். இப்ப யாரும் கண்டுபிடிக்கமாட்டாங்க, கவலைப்படாதே."

"எனக்குத் தெரியுமே ஐயா. வேற யார்கிட்டயாவது குடுங்க."

"ராணியைச் சட்டில போட உனக்கு ஏன் இவ்வளவு வலிக்குது?" என்றார் அவர், குரலை இறக்கி. "நீ போப்புக்காரி இல்லையே?"

கூடத்தில் சக்கரங்கள் நின்றன. ஹெஸ்டர் தாளை வாங்கிக்கொண்டாள்.

சூளைக்குப் போகாத வெள்ளைப் பூச்சு காய்ந்த மாவு மாதிரி. தொட்ட நீலத்தை உறிஞ்சிக்கொள்ளும், அழிக்க முடியாது. சட்டிக்குள் கையை விட்டுத் தன் கண்ணைத் தானே வரைந்தாள், தன் வாயைத் தானே வரைந்தாள். பக்கத்துப் பலகையில் தாமசின் என்றொரு சின்னப்பெண். தன் சட்டிகளை முடித்துவிட்டு இவள் பங்கிலும் சிலதை இழுத்து வைத்துக்கொண்டாள்.

கில்பர்ட்டுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "அங்க அடியிலருந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்கப்போற. நல்லா பாத்துக்கோ, எவனுக்கு எப்படின்னு எனக்கும் சொல்லு" என்று பாலாடைக்கட்டி ஒட்டிய பல்லைக் காட்டினான்.

"யோவ், அது என் மூஞ்சி."

"அட, மண்ணுடி. நீலச் சாயம். உன் மூஞ்சி இதோ இருக்கு, யாராவது தொட்டானா?"

சூளை திறந்தார்கள். வழக்கப்படி, கைப்பிடி உடைந்த ஒன்று கில்பர்ட் பங்குக்கு வந்தது. அவன் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து கட்டிலுக்கடியில் தள்ளினான். கோணல் தட்டு தொங்கிய அதே சுவர், அதே கட்டில்.

சொல்லாமலே அவனுக்குப் புரியும் என்று ஹெஸ்டர் நினைத்தாள். ஒருத்தியோடு இத்தனை காலம் படுத்து எழுந்தவன், அந்த ஒன்றைச் செய்யமாட்டான் என்று நம்பினாள்.

காலையில் சட்டியைக் கொட்டுவது அவள் வேலை. இழுத்தாள். நிறைந்திருந்தது. முந்தின நாள் குடித்த பீரின் புளிச்ச நாற்றம் மூக்கில் ஏறியது. மஞ்சளாக, மேலே நுரை உடைந்து உடைந்து, அடியில் அவள். பட்டாணி மாலையோடு, ஜன்னல் வெளிச்சத்தில் பெருமையோடு நிமிர்ந்து பார்க்கும் பெண். தண்ணீர் ஆட ஆட அந்த வாய் நெளிந்தது. ஹெஸ்டர் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். பிறகு திரும்பி வந்து சட்டியைக் கொட்டினாள், வேறு யார் கொட்டுவார்கள்? சாம்பலும் காடியும் போட்டுக் கையைத் தேய்த்தாள். அன்று ரொட்டியைக் கையால் பிய்க்க முடியவில்லை. கத்தியால் குத்தித் தின்றாள்.

"உடம்பு சரியில்லையா?" என்றான் கில்பர்ட். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் குமட்டியது.

பச்சை ரிப்பன்காரருக்குச் சட்டி ரொம்பப் பிடித்துவிட்டது. விருந்துக்கு ஆட்கள் கூடிவிட்டார்களாம், இன்னொரு சூளை நிறையச் சட்டி வேண்டும் என்று ஆள் அனுப்பினார். ஹெஸ்டர் டிரான்டரிடம் போனாள்.

"சின்னத் தாள் நைஞ்சுபோச்சு ஐயா. துளையெல்லாம் ஒண்ணா சேர்ந்துடுச்சு. புதுசா வரையணும்."

"வரை. அழகா வேணாம், அவங்களுக்கு அவ அசிங்கமா இருந்தாத்தான் குஷி."

"சரிங்க ஐயா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கில்பர்ட் அவித்த ஆட்டுக்கறியும் பீரும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, கணப்படியில் நாற்காலியில் சாய்ந்து தூங்கினான். தலை பின்னால் தொங்கியது. தாடையில் கொழுப்பு உறைந்து வெள்ளையாக நின்றது. ஹெஸ்டர் கரித்துண்டை எடுத்தாள். அந்தத் தடித்த தாடை, மூக்கின் பக்கத்து மரு, கன்னத்துத் தொங்கல், ஒன்றையும் விடவில்லை. தலைக்கு ராணியின் சுருள்முடி வைத்தாள், கழுத்துக்கு முத்து கோத்தாள். திறந்து கிடந்த வாயை மூடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் கூடத்தில் முதல் முகம் இறங்கியதும் தாமசின் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ராணிக்குத் தாடை வளந்துடுச்சேக்கா."

"வயசாகுதில்ல."

"மரு கூட வந்துடுச்சு."

"வரும்."

தாமசின் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் பலகைக்குத் திரும்பினாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. டிரான்டர் வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இதுதான், இதுதான். பார்த்தாலே குமட்டுது" என்று மெச்சினார். கில்பர்ட் கூடத்தின் மறுகோடியில் களிமண்ணோடு இருந்தான். வனைந்தானே தவிர, வரைந்ததை அவன் என்றைக்குக் குனிந்து பார்த்தான்?

சூளை திறந்து, நல்லதையெல்லாம் வைக்கோல் வைத்துக் கட்டினார்கள். கீறல் விழுந்த ஒன்றை இந்தத் தடவை ஹெஸ்டரே கேட்டு வாங்கினாள். பழையதை ஆற்றில் போட்டுவிட்டு, இதைக் கட்டிலுக்கடியில் மூடி வைத்தாள்.

விடிந்ததும் கில்பர்ட் கொட்டாவி விட்டபடி கால்சட்டையைத் தளர்த்தி, மூடிய சட்டியைக் கட்டிலடியிலிருந்து எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான். மூடி கல்தரையில் நகரும் சத்தம் கேட்டது. ஹெஸ்டர் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். வேறு சத்தம் ஒன்றும் வரவில்லை.

"ஹெஸ்" என்றான் உள்ளிருந்து. "இது யாரு?"

"ராணி."

"விளையாடாதடி. இது… இந்த மரு…"

"மண்ணு. நீலச் சாயம். உன் மூஞ்சியை யாராவது தொட்டானா?"

திரையை விலக்கிக்கொண்டு வந்தான். ஒரு கையில் கால்சட்டை, மறு கையில் சட்டி. முகம் சிவந்திருந்தது, வாய் திறந்தபடியே நின்றது, படத்தில் இருந்த மாதிரியே. உடைக்கத்தான் ஓங்கினான்.

"உடைச்சுக்கோ" என்றாள் ஹெஸ்டர். அவள் கையில் இன்னும் அந்த நாற்றம் இருப்பதுபோல்தான் இருந்தது. ஆனாலும் ரொட்டியை விரலாலேயே பிய்த்தாள். "மத்ததெல்லாம் நேத்தே படகேறிப் போயாச்சு. இன்னைக்குத்தான் விருந்து."