ஒற்றைக் கிளாம்ப்

புதுவாயலில் என் பட்டறை. பழைய காரின் பின்பக்க அதிர்வுதாங்கியான ஸ்ட்ரட்டை மாற்ற, அதைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கின் இருபுறமும் கிளாம்ப் போட்டு அமுக்க வேண்டும். ஒரு கிளாம்ப்பை ஆரணி மெக்கானிக் ஒருவர் இரவல் வாங்கிப் போயிருந்தார்.

"இன்னொண்ணு வர ஒரு மணி நேரம் ஆவும் மேடம்."

"ஒண்ணு போதும். கும்மிடிப்பூண்டில ஷிப்டுக்கு லேட்டாவுது," என்று காரின் சொந்தக்காரி மோனிகா மூன்றாவது முறையாக நச்சரித்தார். எரிச்சலில் இணங்கித் தொலைத்தேன்.

பாதி இறுக்கத்தில் ஸ்பிரிங் வளைந்தது. கிளாம்ப் கிறீச்சிட்டு ஒரு விரற்கடை நழுவியது. தெறித்தால் முகம் மிஞ்சாது.

"பின்னாடி போங்க."

மூச்சை அடக்கி, ஸ்பேனரைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினேன். ஸ்பிரிங் அடங்கியபோது சட்டை நனைந்திருந்தது.

"கம்பெனில இன்னா வேலை மேடம்?"

அவர் கிளாம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேஃப்டி ஆபீசர்."