அண்ணியின் கைப்பக்குவம்

அன்றைக்கு நான் "ஆமா" என்று சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் செய்த பண்டம் கொண்டுவர வேண்டும். மனைவி என்னை விட்டுப் போன மறு வாரமே என் முறை வந்து தொலைத்தது. "உங்ககூட இருந்தா மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு அவள் தன் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். நான் என்ன செய்ய? அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஓவன் எல்லாம் கிடையாது. அடிகனமான குண்டானில் உப்பைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடிச் சுட்ட பிஸ்கட். முதல் ஈடு கரி. இரண்டாவது கல். மூன்றாவது, வாயில் போட்டால் கரைந்தது. மறுநாள் டைப்பிஸ்ட் ஒன்றைக் கடித்துவிட்டு, "அண்ணி கைப்பக்குவமே தனிதான்ணே" என்றாள். நானும் "ஆமா" என்றேன். பெண்டாட்டி விட்டுப் போனவன் என்று நாலு பேர் உச்சுக்கொட்டுவதை என்னால் தாங்க முடியாது.

எட்டு மாதம் ஆகிறது. சும்மா சொல்லக்கூடாது, மாவு பிசையும் வியாழன் சாயங்காலங்கள்தான் என்னைப் பைத்தியமாகாமல் காப்பாற்றின. ஜாம் பாட்டில் மூடியால் வட்டம் வெட்டுவேன். முள்கரண்டியால் ஒவ்வொன்றிலும் இரண்டு குத்து. செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குக் காணாது. என் முறை இல்லாத வெள்ளிக்கிழமையும் டப்பாவோடு போய் நின்றேன். போனால், அண்ணி அண்ணி என்று அவளைத்தான் புகழ்வார்கள். சுட்டது நான், கை வெந்தது எனக்கு, பேர் அவளுக்கு. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

"அண்ணிக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று டிரைவர் கேட்பார். பரவாயில்லை என்பேன். அந்த முட்டி வலியே நான் கொடுத்ததுதான், ஒரு விருந்துக்கு அவளை அழைத்து வராமல் தப்பிக்க.

இரண்டு மாதம் முன்பு புது மேலாளர் வந்து சேர்ந்தார். போன வெள்ளிக்கிழமை நாலாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை நானும் என் மனைவியும் உங்க வீட்டுக்கு வர்றோம். உங்க வீட்டம்மாகிட்ட இதைக் கத்துக்கணும்னு ஒரே பிடிவாதமா இருக்கா" என்றார்.

"அவளுக்கு முட்டி வலி சார்."

"நாங்கதானே வர்றோம். அவங்க உக்காந்தே சொல்லட்டும்."

டைப்பிஸ்ட் குறுக்கே வந்து, "சார், அந்த டெண்டர் கடிதம் இன்னிக்கே போகணும்" என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பதினோரு மணிக்கு வரட்டுமா?"

ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால் அடுத்த ஞாயிறு என்பார். அவளைச் சாகடித்தால்தான் இவரிடமிருந்து தப்பலாம் போலிருந்தது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

"வராதீங்க சார். அவ வீட்டுல இல்ல. என்னை விட்டுட்டுப் போயி எட்டு மாசமாச்சு. இதெல்லாம் நான் செஞ்சது."

மேலாளர் பாதி பிஸ்கட்டோடு நின்றார். டிரைவர் தரையைப் பார்த்தார். டைப்பிஸ்ட்தான் மெல்லச் சொன்னாள்: "அண்ணி போனது எங்க எல்லாருக்கும் தெரியும்ணே. முதல் மாசமே டிரைவரண்ணன் அவங்களை அவங்க அக்கா ஊர் பஸ் ஸ்டாண்டுல பாத்துப் பேசிட்டார். சாருக்குத்தான் தெரியாது."

"அப்புறம் ஏன் அண்ணி அண்ணின்னு..."

"நீங்க பேக்கரியில வாங்கிட்டு வந்து அண்ணி பேரைச் சொல்றீங்கன்னு நினைச்சோம். சொல்லிட்டுப் போகட்டும், மனசுக்கு ஆறுதலா இருக்கும்னு விட்டுட்டோம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெண்டாட்டி போனது தெரிந்துபோனதில்கூட அவ்வளவு அவமானம் இல்லை. எட்டு மாதமாக இவர்கள் பட்ட பரிதாபத்தைப் பாராட்டு என்று நம்பி வீட்டுக்குச் சுமந்து போயிருக்கிறேன். சட்டைக் கையை மடித்து, குண்டான் விளிம்பு சுட்ட தழும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இது எந்த பேக்கரி? சொல்லு. இது எந்த பேக்கரி?"

அவள் என் கையைப் பார்த்தாள். டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து, முதல் தடவை சாப்பிடுகிறவள் மாதிரி மென்றாள்.

"வெண்ணெய் எவ்வளவுண்ணே போடுவீங்க?" என்றாள்.

சொல்ல வாயெடுத்தேன். ஒரு பங்கு மாவுக்கு அரைப் பங்கு, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அழுகைதான் வந்தது.