ஒன்றாம் வகுப்பு அட்டைகள்

"பசை கெட்டியா இருக்குது. மூணாங்கிளாஸ் வாத்தியாருக்கு இது கூடத் தெரில" என்று என் மனைவி ராயம்மாள் சிரித்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் வகுப்புக்குச் சொற்களை எழுதிக்கொண்டிருந்தாள். நான் பசையில் வெந்நீர் ஊற்றிக் கலக்கினேன். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. புதன்கிழமை, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். 1964, பிப்ரவரி மாதம்.

செஞ்சியில் ஒரே பள்ளியில் இருவரும் வேலை பார்த்தோம். அவளுக்கு ஒன்றாம் வகுப்பு. மற்றவர்களைப்போல அ, ஆ என்று அவள் தொடங்கவில்லை. பானையில் 'பானை', கதவில் 'கதவு' என்று அட்டை கட்டித் தொங்கவிட்டாள். பிள்ளைகளுக்குச் சொல் முகம் பழகிய பிறகுதான் அதைப் பிரித்து, எழுத்தெழுத்தாக மணலில் எழுதவைப்பாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் வகுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் கோதண்டராமன் தனியே கூப்பிட்டார்.

"திங்கக்கிழம இன்ஸ்பெக்டர் வர்றாரு சார். அ, ஆ வரிசையா சொல்லத் தெரியாத பசங்களுக்கு எப்படி பாஸ் போடுவாரு? மொத்த வகுப்பும் தங்கிடும். டீச்சர் பேருதான் கெட்டுப்போவும். அட்டைய அவுத்துடுங்க."

"இருக்கட்டும் சார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் வரிசையைத்தான் கேட்டார். பிள்ளைகள் 'ஊ' வரை சொல்லி நின்றுவிட்டார்கள். அவர் அட்டைகளைப் பார்த்தார்.

"பானை மேல தொங்குனா புள்ள பானைன்னுதான் சொல்லும். இது படிப்பில்ல, மனப்பாடம்."

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அவரே அட்டைகளை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டினார். பிறகு வளையல்காரர் தாவூதின் மகள் ஜாஹிதாவை உள்ளே அழைத்தார். அவள் பானையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா சிரிக்கிற?"

"பானையில போயி கதவுன்னு கட்டிக்கிறாங்க சார். யாரு கட்டுனது?"

"நான்தான்."

"தப்பு சார்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மதகுன்னு எழுது" என்றார். எந்த அட்டையிலும் இல்லாத சொல். அவள் கண் 'மணி' அட்டைக்குப் போனது. 'கதவு' அட்டைக்குப் போனது. மூலையில் இருந்த 'குடை'க்கும் போனது. பிறகு குனிந்து மணலில் விரலால் மூன்று எழுத்தையும் எழுதினாள்.

ஒவ்வொருவராக எல்லோரையும் அழைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு புதுச்சொல். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. நான் சுவரோரம் நின்றிருந்தேன். இத்தனை வருஷம் ராயம்மாள் பக்கத்திலேயே இருந்தும் அவள் எவ்வளவு பெரிய வாத்தியார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

கடைசியில், தன் முடிவை எழுதப் பள்ளியின் பார்வைப் புத்தகத்தைத் திறந்தார்.

"வகுப்ப இப்ப இவருதான் பாக்குறாருங்க, இவரு பேரையே போட்டுடலாம்" என்றார் கோதண்டராமன்.

"பாடம் நடத்துனது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

சொன்னேன்.

அந்தப் பக்கம் இன்றும் பள்ளி அலமாரியில் இருக்கிறது: 'ஒன்றாம் வகுப்பு. ஆசிரியை, யா. ராயம்மாள். இருபத்தேழு பேர். இருபத்தேழு பேரும் தேர்ச்சி.'