கீழே எரிவது

விமானத்தில் வந்த சவப்பெட்டி வீட்டு முகப்பில் இருந்த சிட் அவுட்டின் கிரில் வாசலில் திரும்பவில்லை. வழக்கமான பெட்டியைவிட நீளம். சுமந்தவர்கள் தடுமாறினார்கள்.

"எடது பக்கம் தாழ்த்துங்க. மெள்ள. இடிக்கப்பிடாது," என்றார் தாசையன். பணிக்காலம் முழுக்க ஷெட்டில் ராக்கெட் மோட்டார்களை நகர்த்தியபோது சொன்ன அதே குரல். உள்ளே இருப்பது மகன் ஆன்சன் என்பது அந்தக் குரலில் இல்லை. ஜெயஷீலா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று தம்பி ஆன்சனோடு வேலை பார்த்த அபிலாஷ் சொல்லியிருந்தான். அவன்தான் கூடவே வந்திருந்தான். அம்மா ரத்னாபாய் மூடியைத் தடவித் தடவி, பிள்ளையின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் போதகர் ஒரு பக்கத்தைக் காட்டினார். அம்மா அங்கே கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

தாசையன் கடலோர ராக்கெட் நிலையத்தில் பூஸ்டர் வார்த்தவர். ராக்கெட்டின் அடியில் இருக்கும் அந்தக் குழாயில் எரிபொருளை ஊற்றி இறுக வைக்கும் வேலை. முதலில் அது வானிலை ராக்கெட்டுக்கு மட்டும்தான். மேலே போய், காற்றையும் குளிரையும் அளந்துவிட்டு, கடலில் விழும். யாருக்கும் ஒரு கேடும் செய்யாது என்று சபையில் சொல்லிக்கொள்வார். பிற்பாடு அதே பூஸ்டரின் மேல் ஏவுகணையைப் பொருத்தினார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை, வார்த்துக்கொடுத்தார். ஆன்சன் வடக்கே ஏவுகணைச் சோதனைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் கசப்பும் போயிற்று. உங்கள் பூஸ்டர்தான் இங்கேயும் என்று அவன் போனில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து நேரே சந்தைக்குப் போய் நெய்மீன் வாங்கி வந்தார்.

சோதனையில் விபத்து என்பதற்கு மேல் வீட்டுக்கு எதுவும் தெரியாது. ஜெபம் தொடங்கும் முன் அபிலாஷ் ஜெயஷீலாவைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், தரையைப் பார்த்தபடி சொன்னான். பொத்தானை அழுத்தியதும் பூஸ்டர் மேடையிலேயே வெடித்தது. சிதறிய இரும்பு, ஆன்சன் நின்ற அறையின் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. கிடங்கில் இருந்த பழைய பூஸ்டர். இங்கே, அப்பா இருந்த நிலையத்தில் வார்த்தது.

"அங்கிளுகிட்ட பறய வேண்டா, சேச்சி," என்றான் தன் மலையாளத் தமிழில்; அப்பாவுக்குத் தெரிய வேண்டாமாம்.

திரும்பி வந்தபோது அப்பா அடுக்களை வாசலில் நின்றிருந்தார்.

"பறந்த பொறவா மக்களே, மேடையிலயா?"

"மேடையிலதான்," என்றாள் யோசிக்காமல்.

"எது வெடிச்சுது?"

"மேல உள்ள ஸ்டேஜாம்பா. கீழ உள்ளதுக்கு ஒண்ணும் இல்லியாம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளும் ஆன்சனும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் டம்ளர்மேல் டம்ளர் வைத்து அப்பா எத்தனை முறை காட்டியிருக்கிறார். முதலில் எரிவது கீழே உள்ளது. அது எரிந்து தீர்ந்து, ஆகாயத்தில் கழன்ற பிறகே மேலே உள்ளது பற்றும். மேடையில் நிற்கும்போது மேலே உள்ளதற்கு வேலையே இல்லை.

அப்பா அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"செரி மக்களே," என்றார். "அம்மைக்கு ஒரு வாய் தண்ணி குடு. காலையிலயிருந்து ஒண்ணும் குடிக்கல்ல."

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். அம்மாவை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து மண் போட வைத்தார்கள். பிறகு எல்லோரும் அப்பாவுக்கு வழிவிட்டார்கள். அவர் நகரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோர்த்துக்கொண்டு நின்றார். போதகர் பெயர் சொல்லி அழைத்தார். மறுபடியும் அழைத்தார்.

ஜெயஷீலா குனிந்து அப்பாவின் பங்கையும் சேர்த்து அள்ளினாள். மழையில் மண் ஊறிப்போயிருந்தது. விரல்களில் ஒட்டியதை உதறி உதறிப் போட வேண்டியிருந்தது.