நடுக்கத்தை மறைக்காத கேமரா

தெற்கே நைல் கரையிலிருக்கும் அஸ்வானுக்கு ரயிலில் இடம் பதிவு செய்த அன்றே இனாஸ் சொல்லிவிட்டாள், கைப்பேசியை நம்பி அவ்வளவு தூரம் வரமாட்டேன், நல்ல கேமரா ஒன்று வாங்கியாக வேண்டும் என்று. என் மனைவி பல் மருத்துவர். அலெக்சாந்திரியாவில் இப்ராஹிமியா டிராம் பாதைக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து பத்து நாள் சேர்ந்தாற்போல் அதைப் பூட்டியதில்லை. இந்த ஜனவரியில் பூட்டுவதாக இருந்தாள்.

“பயணத்துக்கு மட்டும் இல்ல ரவூஃப். தெனமும் கையில இருக்கணும். டிராம்ல போறப்ப, பால்கனியில நிக்கறப்ப, தோணினா எடுக்கணும். வருஷம் பூரா ஜனங்க வாயையேதானே பாத்துட்டிருக்கேன்.”

நான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணக்கு பார்ப்பவன். கேமரா பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். இருந்தாலும் கூடப் போனேன். அந்த மாதங்களில் அவளைத் தனியே எங்கும் அனுப்ப மனம் வரவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறினாள். முலூகியாக் கீரையில் பூண்டு கூடிப்போனதற்காக ஒருநாள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். டிசம்பர் கடல்காற்றில் ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுத்தாள். நான் கம்பளிக் குல்லாயோடு தூங்கினேன். உடம்பும் இளைத்திருந்தது. அவள் தம்பி மனைவி அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். என்ன மருந்து சாப்பிடுகிறாய், எனக்கும் சொல்லேன் என்று நச்சரித்தாள்.

ரம்ல் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மிலாத்தின் கேமராக் கடைக்குத்தான் முதலில் போனோம். மிலாத்துக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. யார் வந்தாலும் முதலில் தேநீர் சொல்லிவிடுவார்.

“டாக்டரம்மா, என்ன எடுக்கப் போறீங்கன்னு சொல்லுங்க, எதுல எடுக்கலாம்னு நான் சொல்றேன். கல்யாணமா, கால்பந்தா?”

“கோயில், படகு, ஆளுங்க. இங்க திரும்பி வந்தா பூனை.”

மூன்றைக் கண்ணாடி மேடைமேல் வைத்தார். ஒன்று பெரியது, பத்திரிகைக்காரர்கள் கழுத்தில் தொங்கவிடுவது. ஒன்று நடுத்தரம், லென்ஸைக் கழற்றி மாற்றலாம். மூன்றாவது கோட்டுப் பைக்குள் அடங்குவது. ஆனால் அதன் மூக்கு நீண்டுகொண்டே போய் எதிர்வீட்டுக்காரன் தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடக் காட்டும்.

இனாஸ் பெரியதைத் தூக்கி, கதவு வழியாகத் தெரிந்த மருந்துக்கடைப் பலகையைக் குறிவைத்து எடுத்தாள். மிலாத் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். பலகையின் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

“கடைக்குள்ள வெளிச்சம் கம்மி. இன்னொண்ணு எடுங்க.”

இன்னொன்றும் அப்படித்தான். மூன்றாவது படம் இன்னும் மோசம். மிலாத் வாங்கி அதே பலகையை எடுத்தார். எழுத்துகள் கத்தியால் செதுக்கியது போல இருந்தன. என்னிடம் கொடுத்தார். எனக்கும் சுமாராக வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

“பாத்தியா, கணக்குப்பிள்ளை கை,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “கனமா இருக்கு,” என்று அதைக் கீழே வைத்துவிட்டு வலது கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுத்தாள். எடுத்தவள் குடிக்காமலே திரும்ப வைத்தாள். கோப்பை தட்டில் உட்காரும்போது டக் டக்கென்று இரண்டு மூன்று முறை தட்டியது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அவள் அப்பா ஹில்மிக்கு நடுக்குவாதம் அப்படித்தான் ஆரம்பித்தது, காபிக் கோப்பையில். பிறகு சட்டைப் பொத்தான், பிறகு கையெழுத்து, பிறகு நடை. கடைசி வருடங்களில் அவருக்குக் கரண்டியால் ஊட்டியது இனாஸ்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பூனை படம் போட்ட நாட்காட்டியைப் பார்த்தேன்.

மிலாத் சின்னதை நீட்டினார். “இதுல பாருங்க.”

எடுத்தாள். பலகை தெளிவாக வந்தது. விறைத்திருந்த அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். இன்னொன்று எடுத்தாள், அதுவும் தெளிவு.

“அப்ப அந்தப் பெருசுலதான் ஏதோ கோளாறு,” என்றாள்.

“கோளாறு இல்லீங்க. இதுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கு. கை ஆடினா உள்ள இருக்கற கண்ணாடி எதிர்ப்பக்கமா ஆடிச் சரிக்கட்டிடும். அந்தப் பெருசு பழசு, அதுல அது கிடையாது. இப்பல்லாம் இது இல்லாம யாரும் வாங்கறதில்ல.”

இனாஸ் அந்தச் சின்னக் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அது இல்லாதது வேற இருக்கா?”

மிலாத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இல்லாததா?”

“இல்லன்னா இதுல அதை நிறுத்த முடியுமா?”

“முடியும். எதுக்கு நிறுத்தணும்? கார் வாங்க வந்து பிரேக்கைக் கழட்டித் தரச் சொல்ற மாதிரில்ல இருக்கு.”

“நிறுத்துங்க.”

நிறுத்தினார். அவள் எடுத்தாள். படத்தைப் பார்த்தாள். நாங்கள் பார்க்கும் முன்பே அழித்துவிட்டாள். “யோசிச்சுட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி, எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

அதன்பின் அவள் கேமரா பார்க்கப் போகாத நாள் குறைவு. மன்ஷியாவில் ஒரு கடை, ஸ்முஹாவில் பெரிய வணிக வளாகத்தில் ஒரு கடை, இணையத்தில் பழைய கேமரா விற்ற ஒரு கல்லூரி மாணவனின் வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. இது சரியாக ஃபோகஸ் ஆகவில்லை, அதன் பொத்தான் இறுக்கம், இன்னொன்றின் திரை மங்கல். எல்லா இடத்திலும் அந்த ஏற்பாட்டை நிறுத்தச் சொல்லித்தான் எடுத்துப் பார்த்தாள். அவள் கேமரா தேடவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. உன் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லப்போகும் ஒரு கேமராவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கில் இதுவரை அந்த நடுக்கம் வெளியே தெரியாததற்குக் காரணம் உண்டு. வாய்க்குள் வேலை செய்யும்போது அவள் மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொள்வாள். பல் மருத்துவர்கள் எல்லோரும் அப்படித்தான். ஊன்றிய கை ஆடாது. கேமராவை நீட்டிப் பிடிக்கும்போது ஊன்ற ஒன்றுமில்லை.

ஒருநாள் கிளினிக் உதவியாளர் அபீர் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. இந்த வாரம் வந்த வேர் சிகிச்சை எல்லாத்தையும் வேற டாக்டர்கிட்ட அனுப்பிட்டாங்க. பல்லைச் சுத்தம் பண்றது மட்டுந்தான் பண்றாங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறாங்க. வீட்ல ஏதாவது சண்டையா?”

“சண்டை எல்லாம் இல்லம்மா. ஊருக்குப் போற நெனப்பு,” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கும் தூக்கம் போயிற்று. காலையில் ஃபூல் அவரையைக் கிளறும் அவள் கரண்டியைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவள் பார்ப்பாள். உடனே நான் ரொட்டியைப் பார்ப்பேன். ஒரே வீட்டில் இரண்டு உளவாளிகள் குடியிருந்த மாதிரி இருந்தது.

மிலாத்திடம் மறுபடி போனோம். அவர் எதையும் கேட்கவில்லை. நடுத்தரக் கேமராவை அவளிடம் கொடுத்து, “வெள்ளிக்கிழமை பூரா வெச்சிருங்க. கடையில நின்னு கேமரா முடிவு பண்ணக்கூடாது. இந்த பாஷாவோட அடையாள அட்டைய மட்டும் குடுத்துட்டுப் போங்க,” என்றார், என்னைக் காட்டி.

வெள்ளிக்கிழமை மதியம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். மழை விட்டிருந்தது. சுவரில் நீளத் தூண்டில்களோடு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இனாஸ் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு எடுத்தாள், நகர்ந்து நின்று எடுத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். ஒரு தூண்டில்காரர் திரும்பிப் பார்த்து, “அம்மா, நான் ஒரு மீன் புடிக்கறதுக்குள்ள நீங்க நூறு படம் புடிச்சுட்டீங்க,” என்றார். அவள் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“உனக்குத் தெரியும்ல?” என்றாள், திரையைப் பார்த்தபடியே.

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“மொத நாள்லேருந்து. மிலாத் கடையிலேயே.”

“தெரிஞ்சும் ஜோக் அடிச்சிட்டிருந்தியா?”

“எனக்கு வேற என்ன தெரியும் இனாஸ்? அழுதா நீ அடிப்பே.”

கேமராவை மடியில் வைத்தாள். “டாக்டர்கிட்ட போனா அதுக்கு ஒரு பேர் வெச்சுருவாங்க. இப்ப வரைக்கும் கேமரா சரியில்லன்னு சொல்லிக்கலாம். அஸ்வானுக்குப் போயிட்டு வந்துடலாம். அப்புறம் போறேன்.”

“பத்து நாளும் நீ கையைப் பாப்பே, நான் உன்னைப் பாப்பேன். கோயில யார் பாக்கறது?”

“கிண்டல் பண்ணாத.”

“கிண்டல் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. உனக்கு ஊட்டி விடறதுக்கு இல்ல பயம், அதை நான் பண்ணிருவேன். இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்துட்டிருக்கறதுதான் முடியல.”

அவள் கேமராவை அணைத்தாள். பிறகு தன் பள்ளித்தோழி சுஹைருக்குத் தானே போன் செய்தாள். சுஹைர் நரம்பு மருத்துவர்.

சுஹைர் எங்களைக் காக்கவைக்கவில்லை. இனாஸை மடியில் கை வைத்து உட்காரச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கை அசையவில்லை. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். தாளின் ஓரம் சரசரவென்று நடுங்கியது. நான் வேறு பக்கம் திரும்பினேன். சுஹைர் நாடியைப் பிடித்தாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள், தண்ணீர் விழுங்கச் சொன்னாள்.

“எத்தனை கிலோ எறங்கியிருக்கே?”

“ஒம்பது. ஒண்ணும் பண்ணல, தானா எறங்குது.”

“தூங்கறியா?”

“அவ தூங்கறதில்ல, ஜன்னலைத் தொறந்து போட்டு என்னையும் தூங்க விடறதில்ல,” என்றேன் நான்.

சுஹைர் என் பக்கம் திரும்பி, “வியர்க்குதா அவளுக்கு? கோவம் வருதா?” என்று கேட்டாள்.

இனாஸ் என்னை முறைத்தாள். அதுவே பதிலாகப் போயிற்று.

“உங்க அப்பாவுக்கு வந்ததுதான் உனக்கும் வந்திருக்குன்னு யாருடி சொன்னது?”

“கேமரா.”

“அது கை ஆடுதுன்னுதான் சொல்லும். உங்க அப்பா கை சும்மா இருக்கறப்ப ஆடும். உனக்கு நீட்டினாத்தான் ஆடுது. நாடி ஓடற ஓட்டத்தப் பாத்தா எனக்குத் தைராய்டு மேலதான் சந்தேகம், அதுன்னா மாத்திரையில அடங்கிடும். சத்தியம் பண்ண மாட்டேன். ரத்தம் குடுத்துட்டுப் போ.”

முடிவு வர நான்கு நாளாயிற்று. அந்த நான்கு நாளும் அதற்கு முந்தைய மாதத்தைவிட மோசம். ஒரு நம்பிக்கை வந்துவிட்டால் அது பொய்த்துவிடுமோ என்ற பயம் தனியாகச் சேர்ந்துகொள்கிறது. மிலாத்திடம் இன்னும் திருப்பிக் கொடுக்காத கேமராவை இனாஸ் தொடவே இல்லை. நான் அலுவலகத்தில் ஒரே சரக்குக்கு இரண்டு முறை ரசீது போட்டுத் திட்டு வாங்கினேன். ஆய்வகத்திலிருந்து போன் வந்தபோது இருவரும் சமையலறையில் இருந்தோம். அவள் கேட்டாள், எண்களைச் சொல்லச் சொன்னாள், திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“தைராய்டுதான்,” என்றாள். “ரொம்ப அதிகமா இருக்கு.”

அதிகமாக இருப்பதற்காக யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தரை ஜில்லென்று இருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்காகும் என்றார்கள். இதயத் துடிப்பைக் குறைக்க இன்னொரு மாத்திரை. நாடி அடங்கும்வரை பயணம் வேண்டாம் என்றாள் சுஹைர். டிக்கெட்டை மார்ச்சுக்கு மாற்றினோம். வேர் சிகிச்சைகள் இன்னும் கொஞ்ச நாள் வேறு டாக்டரிடமே போகும். நோயாளிகள் திரும்பி வருவார்களா என்ற கவலை அவளுக்கு உண்டு. எனக்கும் உண்டு, சொல்வதில்லை.

மிலாத்தின் கடைக்கு மூன்றாம் முறை போனபோது அவளே விஷயத்தைச் சொன்னாள். நாங்கள் திருப்பிக் கொண்டுவந்த நடுத்தரக் கேமராவை அவர் வாங்கிப் பார்த்தார். திரும்ப அதையே அவளிடம் நீட்டினார்.

“சின்னதை வாங்காதீங்க. அதுல கண் வெச்சுப் பாக்கற எடம் கெடையாது. கையை நீட்டித் திரையைத்தான் பாக்கணும். இதைப் புருவத்தோட ஒட்டிப் புடிங்க. ரெண்டு முழங்கையும் விலாவுல ஊணுங்க. அப்ப மூணு எடத்துல தாங்கல் ஆச்சு. லென்ஸ் சின்னதாப் போதும், தெனமும் தூக்கறதுக்கு லேசா இருக்கணும்.”

அவள் அப்படியே பிடித்தாள். “பல்லுல விரல் ஊணற மாதிரி,” என்றாள்.

“அந்த ஏற்பாட்டை நிறுத்தணுமா?” என்று கேட்டார் மிலாத்.

“வேணாம். ஓடட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் பால்கனிக்குப் போனாள். எதிர்வீட்டு மூன்றாம் மாடியில் சிவப்புப் போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது, அதன் நடுவில் ஒரு பூனை. எடுத்தாள். போர்வைக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டுக்காரி தலையை நீட்டி, “டாக்டரம்மா, என் வீட்டு அழுக்குத் துணி என்ன மியூசியத்துக்கா போவுது?” என்று கத்தினாள். இனாஸ் சட்டென்று கீழே குனிந்துகொண்டாள். என்னையும் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கைப்பிடிச் சுவருக்குக் கீழே குந்தியபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பூனையின் மீசை தெளிவாக வந்திருந்தது. ஒரு காது கொஞ்சம் மங்கல்.

“ஆடினது கையா, பூனையா?” என்றாள்.

“தெரியல.”

இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தாள். அழிக்கவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனை ஞாயிற்றுக்கிழமை இருந்தது.