பூசணிக் கொடியில் ஓர் அறை

ஈரடியால் உலகனைத்தையும் அளந்து முடித்து, மூன்றாம் அடிக்கு இடம் எங்கே என்று கேட்டு நின்ற பெருமானை முதலில் வணங்குகிறேன். இட நெருக்கடியை அவனைவிட நன்கறிந்தவர் எவருமில்லை.

டார் எஸ் சலாம் நகரில் நாங்கள் குடியிருக்கும் பதினான்கு மாடிக் கட்டிடத்தில் அறைகள் பூசணிக் கொடியில் காய்க்கின்றன. இரண்டாம் மாடியில் கீரை, நான்காம் மாடியில் தக்காளி, ஆறாம் மாடியில் பசுக்கள். வெளிச்சுவர் முழுவதும் பூசணி. வீட்டுக்கு ஒரு கொடி. பெண்பூ பிஞ்சு பிடித்தால் ஐந்தாம் நாள் அதனுள் ஒருவர் நிற்கலாம். எட்டாம் நாள் அமரலாம். பன்னிரண்டாம் நாள் கால் நீட்டிப் படுக்கலாம். பிள்ளைகள் மணமாகிப் போய்விட்டால் அறை தானே வற்றி உதிர்ந்துவிடும். மாதந்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து குடியேறும் ஊரில் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவள் தௌசி. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவளுக்கு இருந்தது ஒரே அறை. காலை நீட்டிப் படுக்க இடமுள்ளவரே இங்கு குடியிருக்கலாம் என்பது கட்டிட விதியாதலால், அவளுடைய பெண்கள் இருவரும் மூன்றாண்டுகளாகத் தொலைவில், மலையூரான ம்பேயாவில், அவள் தங்கையிடம் வளர்ந்து வந்தார்கள். அந்த மூன்றாண்டுகளும் தௌசியின் கொடி ஆண்பூவாகவே பூத்தது. இந்த டிசம்பரில், பருவம் முடியும் தறுவாயில், ஒரே ஒரு பெண்பூ விரிந்தது. தௌசி அன்றே பள்ளியில் இடம் கேட்டு எழுதினாள். பதின்மூன்றாம் நாள் வந்து சேரும்படி பிள்ளைகளுக்குப் பேருந்துச் சீட்டும் எடுத்துவிட்டாள்.

பூ விரிந்த மறுநாள் மார்கழி முதல் தேதி. என் மனைவி கோமளவல்லி வாசலில் கோலமிட்டு, ஆறாம் மாடியிலிருந்து வாங்கிவந்த சாணத்தை உருட்டி வைத்துவிட்டு, பூசணிப் பூ கேட்டாள். பூப் பறிப்பது என் கடமை. பெருமானுக்கென்று பறிக்கும்போது கொடியிலேயே சிறந்ததைப் பறிப்பது எங்கள் வழக்கம். பொதுக் கம்பியில் படர்ந்திருந்த கொடியில், அடியில் உருண்டு திரண்டு, பொன்போல் மலர்ந்திருந்த பூ ஒன்றே ஒன்றுதான். யாருடைய கொடி என்று பாராமல் அதைப் பறித்தேன்.

விடிந்ததும் தௌசி வந்தாள்.

“பாபு, என் பூவைப் பார்த்தீங்களா?” இந்த ஊரில் வயதானவரை அப்படித்தான் அழைப்பார்கள்.

“கோலத்தில் இருக்கிறது அம்மா.”

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். “அழகாத்தான் இருக்கு. என் பிள்ளைங்க இதுலயா படுப்பாங்க?”

அவள் சீருடையை அணிந்துகொண்டு வேலைக்குப் போனாள். அன்று அவள் பேருந்து எல்லா நிறுத்தங்களிலும் சற்று அதிக நேரம் நின்றதாகச் சொன்னார்கள்.

கட்டிடத்தின் தோட்டக்காரரே வீடு ஒதுக்கும் அதிகாரியும் ஆவார். மகோங்கோ என்று பெயர். அவரை அழைத்துவந்தேன்.

“கொடி நிறைய ஆண்பூ தொங்குதே பாபு. இதைப் போயா பறிச்சீங்க?”

“பெருமானுக்கு மட்டமானதையா வைப்பது?”

“உங்க பெருமானுக்கு நல்ல கண்ணு” என்றார் அவர். பிறகு கொடியைத் தடவிப் பார்த்தார். “இனி இதுல பூ வராது. ஒட்டுக் கட்டலாம். விளைஞ்ச அறை ஒண்ணை யாராவது குடுத்தா பத்து நாள்ல பிடிச்சுக்கும். ஆனா வெட்டும்போது குடுக்கிறவங்க முகம் வாடக் கூடாது. வாடினா அறையும் வாடிடும்.”

எங்களிடம் இருந்தவை கூடம், படுக்கையறை, பூசையறை. பூசையறை பதினோராண்டு விளைந்தது. அதையே கொடுப்பதாகச் சொன்னேன். மகோங்கோ கத்தியைக் காம்பில் வைத்தார். என் முகம் வாடத் தொடங்கியதை நானே உணர்ந்தேன். மகோங்கோ கத்தியை எடுத்துவிட்டார்.

“மூஞ்சியப் பாருங்க, காஞ்ச வெண்டைக்கா மாதிரி” என்றாள் கோமளவல்லி. “பெருமாள் கூடத்துல நம்மளோட உட்கார்ந்து நியூஸ் பார்க்கட்டுமே. உலகத்துல என்ன நடக்குதுன்னு அவருக்கும் தெரிய வேணாமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மகோங்கோ வெட்டினார். வாழை நாரால் சுற்றி, தௌசியின் கொடியில் கட்டினார். பத்தாம் நாள் சுவரில் பச்சை ஓடியது.

பதின்மூன்றாம் நாள் மாலை, தௌசியின் பெண்கள் மோசாவும் ஆஷுராவும் ஆளுக்கொரு பையுடன் வந்திறங்கினார்கள். காவலாளி விதிப்படி இருவரையும் புதிய அறையில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி அளந்தார். “இன்னும் ஒரு முழம் மிச்சம். வளரலாம்” என்று கையெழுத்திட்டார். தௌசி அவர்களை எழுந்திருக்க விடாமல் நடுவில் தானும் படுத்துக்கொண்டாள். காவலாளி அவளையும் அளந்தார்.

பழைய பழக்கம் மாறாத அந்த அறை விடியற்காலையில் தானே மணியடிக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கு ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை.

“பாபு, உங்க அறை என் பேருந்து ஹாரனைத் தோற்கடிக்குது” என்கிறாள் தௌசி.

தை முதல் நாள் என் உச்சந்தலையில் சிறிது பாரம் தெரிந்தது. மகோங்கோ முக்காலியின் மேல் ஏறிப் பார்த்தார்.

“அறைதான் பாபு. கதவு, சன்னல் எல்லாம் இருக்கு. ஆனா சின்னது. ஒரு பாதம் வைக்கலாம், அவ்வளவுதான்.”

“அது போதும்” என்றேன். கோமளவல்லி அதன் வாசலில் சிறியதாக ஒரு கோலம் போட்டாள். லிஃப்டில் ஏறும்போது சற்றுக் குனிந்துகொள்கிறேன்.

இதைச் செவிமடுத்தோர் அனைவருக்கும் காலை நீட்டிப் படுக்க இடமும், அருகில் படுக்கத் தம் மக்களும், வாசலில் ஒரு பூவும் என்றும் குறையாதிருக்க அவன் அருள்வானாக.