ஈயப் படிகம் வந்த வழி

அவளுடைய தங்கையின் கணவருக்கு வாய் ஓயாது. ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் வாயில் காவலரிடம் நலம் விசாரித்து, மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி இரண்டு வார்த்தை பேசி, அப்புறம்தான் அவள் அறைக்கு வந்து சேருவார். அன்றைக்கு நேரே வந்தார். பஞ்சு அடைத்த மருந்துப் புட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, "அண்ணி, இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அதற்குமேல் ஒரு பேச்சும் இல்லை. கொடுத்த தேநீரைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார்.

அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

மண்ணும் நீரும் கல்லும் சோதிக்கிற அரசுக் கூடம் அது. கனிமப் பிரிவு அவள் பொறுப்பு. தங்கம் அகப்பட்டுவிட்டது என்று துள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம், ஐயா இது இரும்பும் கந்தகமும் சேர்ந்த பளபளப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்புவதிலேயே பாதி வாழ்க்கை போயிருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேக மேடம்'. அது அவள் காதுக்கும் எட்டியதுதான். அவள் கோபப்படவில்லை. எல்லாரையும் நம்புகிறவளுக்கு அந்த நாற்காலியில் என்ன வேலை?

பஞ்சுக்குள் நாலைந்து படிகங்கள் இருந்தன. நிறமில்லாத மெல்லிய தகடுகள், சுண்டுவிரல் நகத்தளவு. பார்த்ததும் ஜிப்சம் என்றுதான் நினைத்தாள். இடுக்கியால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் ஏந்திய கண்ணாடித் தட்டில் வைத்தபோது அளவுக்கு மீறிக் கனத்தது. ஜிப்சம் இப்படிக் கனக்காது. கையுறை போட்ட விரலால் புரட்டிப் பார்த்தாள். வெறும் கண்ணாடி மினுக்கு இல்லை, வைரத்துக்குப் பக்கத்தில் வருகிற மினுக்கு. ஜிப்சத்தில் நகம் கீறும். இதில் கீறவில்லை, செம்புக் கம்பி கீறியது.

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். மலைப்பக்கம் மூடிக் கிடக்கும் பழைய சுரங்கத்தில் என்றார். எதில் ஒட்டியிருந்தது என்று கேட்டாள். உதிர்ந்து கிடந்தது என்றார். சுரங்கத்துக்கு நீங்கள் எதற்குப் போனீர்கள் என்று கேட்டதற்கு, மாணவர்களைக் கூட்டிப்போனதாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எக்ஸ்ரே கருவி அன்றே பாதி விடை சொல்லிவிட்டது. உள்ளே ஈயமும் ஆர்சனிக்கும். மறுநாள் படிக அமைப்பைப் பதிவு செய்து பார்த்தபோது ஒவ்வொரு கோடும் புத்தகப் பதிவில் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஷுல்டனைட் என்ற அபூர்வ ஈயக் கனிமம். அவள் அதைப் புத்தகத்தில் படித்திருந்தாளே தவிரக் கையில் வாங்கியதில்லை. ஈய ஆர்சனேட் வகைக் கனிமங்களில் பெரும்பாலானவை வேறு ஏதாவது ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொள்ளும். குளோரின் சேர்ந்தால் மஞ்சள் பீப்பாய்கள், செம்பு சேர்ந்தால் பச்சைப் பொருக்கு, இரும்பு சேர்ந்தால் சிவப்பு ஊசிகள். இது அப்படி எதையும் ஒட்டவிடாத ஜாதி. ஈயம், ஆர்சனேட், ஒரே ஒரு ஹைட்ரஜன். தண்ணீர்கூடக் கிடையாது. வகைப்பாட்டில் ஒரு மூலையில் தனிக்குடித்தனம் நடத்துகிற கனிமம்.

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்துக்கே பேர் வரும், உடனே அறிவித்துவிடலாம் என்றார். கொஞ்சம் பொறுங்கள் சார் என்று அவள் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

அவளுக்கு உறுத்தியது அந்தச் சுத்தம்தான். சுரங்கத்தில் உதிர்ந்து கிடந்ததில் துளி மண் இல்லை. ஒட்டியிருந்த பாறை இல்லை. கூடவே வளரும் வேறு கனிமங்களின் சுவடு இல்லை. இந்தப் பொருளை ஆய்வகத்தில் செய்துவிடவும் முடியும். ஒரு காலத்தில் பழத்தோட்டங்களில் பூச்சி கொல்ல மூட்டை மூட்டையாகச் செய்து தெளித்ததும் இதையேதான். வேதிக் கூட்டும் ஒன்றே, படிகமும் ஒன்றே. ஆனால் மனிதன் செய்தால் அது ரசாயனம், பூமி தானாகச் செய்தால்தான் கனிமம். எக்ஸ்ரேயால் அந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது.

தங்கையின் கணவரோ கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். படிகம் வளர்ப்பதில் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவர்.

சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் தங்கை வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழையும்போது தங்கை போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும், அப்புறம் பேசறேன் என்று வெடுக்கென வைத்தாள். முன்னறை அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் வரிசையாக நின்றன. ஒன்றில் நூலில் தொங்கும் நீலப் படிகம், இன்னொன்றில் படிகாரம். மூன்றாவது குவளை காலியாக, கழுவிக் கவிழ்த்து இருந்தது. அவள் கண் அந்தக் காலிக் குவளையைவிட்டு நகரவில்லை. வேறு என்னென்ன வளர்க்கிறீர்கள் மாப்பிள்ளை என்று விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டாள். மாணவர்களுக்காகத்தான் அண்ணி, வேறொன்றும் இல்லை என்று அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சுரங்கத்துக்கு நாளைக்கே போய்வரலாமா என்றாள். பாதை சரிந்து கிடக்கிறது என்றார். அடுத்த வாரம் என்றால், முழங்கால் வலி என்றார்.

"அக்கா, நீ வீட்டுக்கு வந்தியா, விசாரணைக்கு வந்தியா?" என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், சிரிப்பு கண்வரை போகவில்லை.

வாசல்வரை வழியனுப்ப வந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கல்லு விஷமா அக்கா? தொட்டா ஏதாவது ஆகுமா?"

ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது விஷமில்லாமல் என்ன, தொட்டால் கையைக் கழுவு, வாயில் மட்டும் போகவே கூடாது என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். தங்கையின் முகம் வெளுத்ததைப் பார்த்திருந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து சமையலறையில் செய்திருக்கிறார்கள், இப்போது பயம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். சொந்தத் தங்கையைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் நினைப்பதை நிறுத்த முடியவில்லை.

திங்கட்கிழமை படிகங்களை மறுபடி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். இந்தத் தடவை அவள் தேடியது குவளையின் அடையாளத்தை. குவளையில் வளர்ந்தது ஒன்று நூலைப் பிடித்து வளரும், இல்லாவிட்டால் அடியில் சப்பையாகப் படுத்து வளரும். இவை இரண்டுமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு ஓரம் ஒடிந்திருந்தது. எதிலிருந்தோ பெயர்த்து எடுத்த காயம் அது. அப்படியானால் மாப்பிள்ளை செய்யவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. கடைசிப் படிகத்தின் ஒடிந்த ஓரத்தில் மிளகில் பாதியளவு கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி. அதில் பாதியாக வெட்டுப்பட்ட ஒரு காற்றுக் குமிழ். குமிழுக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு ஈய முத்து.

எந்தப் பாறையிலும் இப்படி ஈய முத்து இராது. உலையில் ஈயத்தை உருக்கி எடுத்தபிறகு வழித்துக் கொட்டுகிற கசடில்தான் இருக்கும்.

வந்த மூச்சு அப்படியே நின்றது. அந்த வட்டாரத்தில் ஈய உலை இருந்தது ஒரே இடத்தில்தான். அதை மூடவைத்தது அவள் எழுதிய மண் பரிசோதனை அறிக்கை. அந்த உலையில் வேலை பார்த்தவர் அவளுடைய அண்ணன். கூடப் பிறந்தவளே சோற்றில் மண்ணள்ளிப் போட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அன்றோடு அவளிடம் பேச்சை விட்டவர். உலை போன பின்னும் தொழிலாளர் குடியிருப்பைக் காலி செய்யாமல் அங்கேயே இருக்கிறார் என்று தங்கை எப்போதோ சொன்னதுதான் அவளுக்குத் தெரிந்த கடைசிச் செய்தி.

யாரிடமும் சொல்லாமல் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, பின்னால் ஒரு முற்றம். தெருவில் அவள் நடந்தபோது ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக அசைந்தன. ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளை அடையாளம் கண்டதும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் மனைவி வாசலில் அவளைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, வழியைவிட்டு விலகி நின்றாள்.

பின்முற்றத்தின் மதில் முழுக்க உலைக்கசடுக் கட்டிகளால் எழுப்பியது. சும்மா கிடைத்ததென்று எல்லா வீட்டிலும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். மதிலை ஒட்டிக் கீரைப் பாத்தி. குளியலறைத் தண்ணீர் மதிலின் அடியில் ஊறி ஓடியது. ஈரம் ஏறிய இடத்தில், கட்டிகளின் பொந்துகளுக்குள், வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே அண்ணனின் பேத்தி, மூன்று வயதிருக்கும், கரண்டிக் காம்பால் பொந்தைச் சுரண்டி, பூப் பறிப்பதுபோல் அந்த மினுக்கைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கை வாயில் இருந்தது.

அவள் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். புதுமுகத்தைக் கண்டு அது வீறிட்டது. உள்ளேயிருந்து அண்ணன் வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"நீ வருவேன்னு தெரியும்" என்றார். "இவ்வளவு சீக்கிரம் வருவேன்னு நினைக்கல."

"ஏன்ணா சுரங்கம்னு பொய் சொல்லச் சொன்னீங்க?"

"இந்த இடம்னு சொன்னா நீ உடனே எழுதுவ. உலை போன மாதிரி வீடும் போகும். தெருவுல அத்தனை பேருக்கும் போகும். சுரங்கத்துல கிடைச்சுதுன்னா வெறும் கல்லா பாத்துச் சொல்லுவேன்னு நினைச்சேன்."

"அப்ப எதுக்கு என்கிட்ட குடுத்துவிட்டீங்க? ஊர்ல வேற ஆளா இல்ல?"

அண்ணன் குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். தட்டிக்கொடுத்தபடி மெதுவாகச் சொன்னார். "இவளுக்கு அடிக்கடி வயித்த வலிக்குது. சரியா சாப்பிடறதில்ல. டாக்டர் வயித்துப் பூச்சிக்கு மருந்து மருந்தா குடுக்கறாரு. உலையப் பத்தி நீ சொன்னத நான் அன்னைக்கும் நம்பல, இன்னைக்கும் முழுசா நம்பல. ஆனா நீ தெரிஞ்சு ஒரு பொய் சொல்ல மாட்ட. அது மட்டும் எனக்குத் தெரியும்."

அவள் குழந்தையின் விரல்களை விரித்துப் பார்த்தாள். முதலில் இந்தக் கையைக் கழுவுங்கள் என்றாள். பிறகு வரிசையாகச் சொன்னாள்: அந்தக் கீரையைச் சமைக்கக் கூடாது, முற்றத்துப் பக்கம் குழந்தையை விடக் கூடாது, நாளைக்கே எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. எழுதத்தான் போகிறாயா என்று அண்ணன் கேட்டார். எழுதாமல் இருக்க முடியாது அண்ணா, பக்கத்து வீட்டிலும் குழந்தைகள் இருக்கின்றன என்றாள். அவர் குழந்தையின் கையைக் கழுவத் தண்ணீர்ப் பக்கம் நடந்தார். அண்ணன் மனைவி அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்து, உட்காரு என்றாள்.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. அண்ணனுக்கும் குறைவில்லை. அந்த வாரமே அண்ணனும் மனைவியும், பெற்றோர் வெளியூரில் வேலை பார்ப்பதால் அவர்களிடம் வளரும் பேத்தியும் தங்கை வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தார்கள். தங்கையின் கணவர் பெட்டிகளைத் தூக்கிப் படியேறும்போது அவள் தன் சந்தேகத்தை அவரிடம் சொல்லிவிட்டாள். மனசில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பழைய ஆள் திரும்பி வந்திருந்தார்.

"நான் திருட்டுத்தனமா படிகம் வளத்தா, அதை உங்ககிட்டயா அண்ணி கொண்டு வருவேன்? மாட்டிக்கறதுக்கா?"

இயக்குநருக்குத்தான் பெரிய ஏமாற்றம். கசடில் ஊறிய தண்ணீரில் வளர்ந்தது கனிமக் கணக்கில் சேராது என்று அவள் விளக்கினாள். மழையும் ஈரமும்தானே வளர்த்தன, மனிதன் தொடவில்லையே என்று அவர் விடாமல் வாதாடினார். கசடை மனிதன்தானே சார் செய்தான் என்றாள் அவள். உலகக் கனிமவியலாளர்கள் ஒப்புக்கொண்ட விதி அது, நமக்காக வளையாது. படிகங்கள் செயற்கைப் பொருள்களின் அலமாரிக்குப் போயின.

அறிக்கை போன பிறகு குடியிருப்பில் அண்ணனைத் திட்டாதவர்கள் இல்லை. தங்கச்சியைக் கூட்டிவந்து காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். மாற்று வீடு பாதிப்பேருக்குத்தான் உடனே கிடைத்தது. மீதிப்பேர் இன்னும் அலைகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் ஆய்வுக்கூடத்து வாசலுக்கே வந்து சத்தம் போட்டார்கள். அவள் இறங்கிப் போய் நின்று கேட்டுக்கொண்டாள். வீடு வீடாக மண் எடுக்கப் போனபோது சிலர் கதவைத் திறக்கவில்லை, சிலர் திறந்துவிட்டு அவள் பையையே முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது ரத்தப் பரிசோதனையில் குழந்தைக்கு ஈயம் பாதியாக இறங்கியிருந்தது. மருத்துவமனையில் முடிவுத் தாளை அவள் படித்துச் சொல்லி முடித்ததும், அண்ணன் அதை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தார். பிறகு வெளியே சென்று அதே மருத்துவமனையின் வேறொரு டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவரும் அதையேதான் சொல்றாரு" என்றார்.

"சரிண்ணா" என்றாள் அவள். குழந்தைக்குப் பசிக்கிறது என்று அண்ணன் மனைவி எழுந்தாள். நான்கு பேருமாகக் கேண்டீன் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு நடந்தார்கள்.